மதியத்தில் நிறைந்த கேன்

டேங்கர் வராவிட்டால் அந்தக் கடையில் ஒருவருக்கும் முகம் சரியாக இருக்காது. அப்பா போனில் கத்துவார். அக்கா அப்பாவைப் பார்த்துக் கத்துவாள். கேன் நிரப்பும் ஆள், எந்நேரமும் வெள்ளைப் புகைக்குள் நிற்பதால் 'புகை' என்று பெயர் வாங்கியவர், யாரைப் பார்த்தும் கத்த முடியாமல் காலிக் கேன்களை உருட்டுவார். சின்னவள் மட்டும் சும்மா இருப்பாள். டேங்கர் வந்தாலும் அவள் சும்மாதான் இருப்பாள்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. வீட்டை ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை, முற்றத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. தொலைவிலுள்ள ஆலையிலிருந்து டேங்கர் வந்து அந்தத் தொட்டியில் திரவ நைட்ரஜனை இறக்கிவிட்டுப் போகும். வீட்டில் அதற்கு லிக்விட் என்று பெயர். அதைச் சின்னச் சின்ன அலுமினியக் கேன்களில் ஊற்றி, தோல் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கும் மாட்டு டாக்டருக்கும் கொடுப்பதுதான் தொழில். எவ்வளவு இறுக்கி மூடினாலும் லிக்விட் நிற்காது. ஆவியாகிக் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். விற்றாலும் தீரும், விற்காவிட்டாலும் தீரும். "உங்க அத்தான் செய்யற வியாபாரம் மாதிரி," என்பாள் அக்கா. அத்தான் பக்கத்தில் இருந்தாலும் சொல்வாள். அவரும் சிரிப்பார்.

போன கோடையில் டேங்கர் நெடுநாள் வரவில்லை. மாட்டு டாக்டர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மாடுகளோடு பேசிப் பேசி மனிதர்களிடமும் அதே சத்தத்தில் பேசுகிறவர் அவர். தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே வீட்டில் கேட்கும். அன்று அவர் பேசவில்லை. கேனின் மூடியைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினார். உள்ளே உலர்ந்திருந்தது. நல்ல காளைகளின் வித்து, மெல்லிய குழல்களில் அடைத்துக் குளிரில் பத்திரமாக வைத்திருந்தது, அத்தனையும் செத்துப்போயிருந்தது. அவர் திட்டியிருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அப்பா முடிவெடுத்தார். இனி டேங்கரை நம்புவதற்கில்லை, நாமே லிக்விட் செய்துகொள்வோம். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் மெஷின் ஏற்கெனவே கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டர் நிரப்ப வாங்கியது. அதில் வரும் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்க ஒரு மெஷின் வேண்டும். கொட்டகையில் அடங்குகிற அளவில் வேண்டும்.

"பாப்பா பிசிக்ஸ் படிச்சு இதுவரைக்கும் ஃபியூஸ் மாத்தினதுதான் மிச்சம்," என்றார் அப்பா, டாக்டர் முன்னால். "இப்பத்தான் படிப்புக்கு வேலை வந்திருக்கு. அது எதைக் கைகாட்டுதோ அதை வாங்கறோம்."

"அதுவும் சரிதான்," என்றார் டாக்டர். "அந்தப் பொண்ணு வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுது. நாலும் சரியா இருக்குது. ஏம்மா, இந்த வீட்டுல ஓடப்போற மெஷினையே எங்க சினை ஊசி சென்டருக்கும் வாங்கிடறேன். எங்களுக்கு டேங்கரே வராது. நீ சரின்னு சொன்னா போதும், வேற யாரும் எனக்குச் சொல்ல வேணாம்."

சின்னவள் கையிலிருந்த ஸ்பானர் காலில் விழுந்தது.

அவளுக்குப் பேச்சு வராது என்பது ஊரறிந்த விஷயம். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் எல்லாம் தெரிந்தும் நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தாள். வேலைக்கு நேர்காணலுக்குப் போன இடங்களிலும் அதே கதை. அக்கா அவளை 'ஊமை' என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பெயரில் பாசமும் உண்டு, குத்தலும் உண்டு. ஆனால் அவள் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலும் கடையிலும் நம்பினார்கள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

வேலையில் அவள் மூழ்கிப்போனாள். கம்பெனிகளின் விளம்பரத் தாள்களில் எல்லா மெஷினும் சமர்த்தாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தச் சூட்டில் அத்தனை லிட்டர் என்பது அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். சில தாள்களில் எறும்பும் இல்லை. தகரக் கொட்டகையில் மதியம் எப்படிக் காயும் என்பது அந்தத் தாளை எழுதியவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? மெஷினைக் கொண்டுவந்து எங்கள் கொட்டகையிலேயே ஓட்டிக் காட்டுங்கள் என்று எல்லோருக்கும் எழுதிப் போட்டாள். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தது ஓடும்போதெல்லாம் குலுங்கியது. புகை அதற்கு 'இருமல்' என்று பெயர் வைத்தார். "சின்னம்மா, இதை வாங்கினா கொட்டகைக்கும் சேர்த்து மருந்து வாங்கணும்," என்றார். இரண்டாவது 'டொக் டொக்' என்று சீராக அடித்துக்கொண்டே இருந்தது. அது 'தையல் மெஷின்'. ஹீலியத்தில் ஓடுவது, விலை கூடுதல், சொன்ன அளவும் குறைவு. ஆனால் சொன்னதில் பெரும்பங்கைக் கொடுத்தது. மூன்றாவது 'பீரோ'. உயரமும் அகலமும் துணி வைக்கும் பீரோ மாதிரியே இருக்கும். சத்தமே இல்லை. உள்ளே இருப்பது சாதாரண ஃப்ரிட்ஜ் வகைக் கம்ப்ரஸர்தான், ஹீலியம் தேவையில்லை, விலை மூன்றிலும் மலிவு, சொன்ன அளவு மூன்றிலும் அதிகம். அதைக் கொண்டுவந்த ஆள் மாட்டிக் கொடுத்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க, அதுவே பேசும்," என்று சொல்லிப் போய்விட்டார்.

சின்னவளுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. அப்படிப்பட்ட கம்ப்ரஸர் வெயில் நேரத்தில் என்ன பாடுபடும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சொன்னதில் பாதிதான் வரவேண்டும் என்று வந்தது.

சோதனைக்கு அவள் வைத்த முறை எளிமையானது. மூன்றுக்கும் ஒரே கொட்டகை, ஒரே வாயு, ஒரே கேன். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கோடை மாதிரியே வைக்க வேண்டும். காலையில் காலிக் கேனைச் சிலிண்டர் தராசில் எடை போட்டு மெஷினில் மாட்டுவது. மாலையில் கழற்றி மறுபடி எடை போடுவது. நடுவில் குழாயைக் கழற்றக் கூடாது. கழற்றினால் ஈரக் காற்று உள்ளே போய் உறைந்து வழியை அடைத்துவிடும். ஆகவே மாலைவரை எவ்வளவு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

இருமலும் தையல் மெஷினும் ஓடிய நாட்களில் அவள் கொட்டகையிலேயே நின்றபடி எதையோ தின்று வைத்தாள். பீரோ ஓடிய இரண்டு நாளும் அக்கா விடவில்லை.

"ஏய் ஊமை, போய்ச் சாப்பிடு. மெஷினுக்குப் பசிக்காது, உனக்குப் பசிக்கும். உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா? கொக்கி மாதிரி இருக்க."

"யாராவது இருக்கணும்க்கா."

"நான் யாராவது இல்லையா? போடி. அப்பா உனக்காகத் தட்டு வச்சுக் காத்துக்கிட்டு இருக்காரு."

அப்பா நிஜமாகவே காத்திருந்தார். அதுவே அதிசயம். சாப்பிட்டு எழுந்திருக்கப் போனவளை உட்கார வைத்து, "ஏம்மா, இந்தக் காத்து எப்படித்தான் தண்ணியாகுது? இத்தனை வருஷம் வித்துட்டேன், எனக்கே தெரியாது," என்றார். அவள் முதலில் நம்பவில்லை. அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். அமுக்கிவைத்த வாயு விரியும்போது ஏன் குளிர்கிறது, குளிர்ந்தது திரும்பிவந்து அடுத்ததை எப்படிக் குளிர்விக்கிறது என்று தம்ளரையும் கிண்ணத்தையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினாள். அப்பா தலையாட்டிக் கேட்டார். குறுக்கே கேள்வியும் கேட்டார். மறுநாளும் கேட்டார். தன் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஒலித்து அவளே கேட்டதில்லை. கொட்டகைக்குத் திரும்பி நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் அவள் திரும்பி வந்தபோது அக்காவின் ஆள்காட்டி விரல் நுனி வெளுத்திருந்தது.

"என்னாச்சு?"

"அடுப்புல சுட்டுக்கிட்டேன், காலையில. விடு."

சின்னவள் விடவில்லை. களிம்பு எடுத்துவந்து, அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து ஊதி ஊதித் தடவிவிட்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியாக இருக்கும் என்று நினைத்தாள் சின்னவள்.

மாலையில் கேனை எடை போட்டபோது பீரோ சொன்ன அளவு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. புகை தராசைத் தட்டிப் பார்த்தார். சின்னவள் தன் கணக்குத் தாளை எடுத்து வரிவரியாகப் பார்த்தாள். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. தப்பு இருக்கத்தான் வேண்டும், மெஷினே வந்து நின்று சொல்லும்போது தாள் எந்த மூலைக்கு? கசக்கிப் போட்டாள்.

"பீரோ," என்றாள் அப்பாவிடம்.

அப்பா அவள் தலையில் கை வைத்தார். அக்கா வந்து கட்டிக்கொண்டாள், கொஞ்சம் அதிக நேரம். அத்தான் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவந்தார். டாக்டர் போனில் போட்ட சத்தம் அடுத்த அறைவரை கேட்டது. "அந்தப் பொண்ணே சொல்லிட்டுதா? சரி, வர்றேன். அதுகிட்ட நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு எங்க சென்டருக்கும் எழுதிடறேன்."

கல்லூரி ஆய்வுக்கூடத்துக்காரர்கள் ஒன்று கேட்டிருந்தார்கள். இனி நீங்களே செய்துகொடுக்கப்போகும் லிக்விட் எவ்வளவு சுத்தம்? இதுவரை அந்தக் கடையில் யாரும் கேட்காத கேள்வி. ஆலையிலிருந்து வருவது ஒரே சரக்கு, சுத்தமான சரக்கு. லிக்விட் என்றால் லிக்விட்தான், அதில் வகை உண்டு என்று கடையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பீரோவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுக்கலாம் என்று சின்னவள் உற்சாகமாக உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் கேனை அவள் விற்காமல் ஓரமாக வைத்திருந்தாள். மெல்லிய செம்புக் குழாயை அதற்குள் விட்டு, கேனின் வாயைத் துணியால் அடைத்து, குழாயின் மறுபாதியை வெந்நீர் வாளியில் முக்கினாள். திரவமாக ஏறி வருவது வாளியைத் தாண்டும்போது வாயுவாகிவிடும். அந்த வாயுவை ஆக்சிஜன் மீட்டருக்குக் காட்டினாள்.

கொட்டகையில் நைட்ரஜன் பிரிக்கும் மெஷின் கொடுப்பது முழுச் சுத்தம் இல்லை. நூற்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதையே குளிரவைத்த லிக்விடிலும் அந்த ஒரு பங்கு இருக்க வேண்டும். மீட்டர் அரை என்றது.

மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். வெளிக்காற்றில் காட்டினாள். காற்றில் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவைக் காட்டியது. வாயு வரும் குழாயில் வைத்துப் பார்த்தாள். ஒன்று. முற்றத்துத் தொட்டியிலிருந்து கொஞ்சம் ஆலை லிக்விடைப் பிடித்துப் பார்த்தாள். பூஜ்யம். மறுபடி கேன். அரை.

வாளியில் வெந்நீர் ஆறிவிட்டது. அவள் நகரவில்லை.

கேனுக்குள் காற்று புகுந்திருந்தால் ஆக்சிஜன் ஏறும். நாள்பட வைத்திருந்தால் நைட்ரஜன் முதலில் ஆவியாகிப்போய், அப்போதும் ஏறும். ஏறுவதற்கு எத்தனையோ வழி. தானாக இறங்க வழியே இல்லை. இறங்க வேண்டுமென்றால் சுத்தமான லிக்விடை யாராவது மேலே ஊற்ற வேண்டும். ஒன்று அரையாக வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி ஊற்ற வேண்டும்.

பாதி. கசக்கிப் போட்ட தாளில் இருந்ததும் அதுதான்.

சுத்தமான லிக்விட் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, முற்றத்துத் தொட்டி. அதன் சாவி அக்காவின் இடுப்புக் கொத்தில் இருக்கிறது. குழாயைக் கழற்றாமல் கேனின் மூடி ஓரத்தைத் தூக்கி ஊற்றலாம். இரண்டு கையும் வேண்டும். அவசரத்தில் கையுறையைக் கழற்றினால் விரலில் தெறிக்கும்.

அடுப்பு சுட்டால் சிவக்கும். வெளுக்காது. லிக்விட் பட்டால்தான் வெளுக்கும். களிம்பு தடவும்போது அந்த வெளுப்பை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஊதினாள்.

அக்கா உள்ளறையில் கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விரல் ஆறிடுச்சா?" என்றாள் சின்னவள்.

"அது எப்பவோ ஆறிடுச்சு. என்ன திடீர்னு கரிசனம்?"

"கொப்புளம் வந்துச்சா?"

அக்காவின் கை ஒரு சட்டையின்மேல் நின்றது. "ஏய், என்னடி வேணும் உனக்கு?"

"கேன்ல பாதி நம்ம தொட்டி லிக்விட்தான்க்கா."

"பேர் எழுதி வச்சிருக்கா அதுல?" அக்கா சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கத்தாதே."

"நான் எங்கக்கா கத்தறேன்."

"அதான். நீ கத்தினாக்கூடத் தேவலை." மடித்த சட்டையை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள் அக்கா. "உங்க அத்தான் தொட்டதெல்லாம் கவுந்துபோச்சு, உனக்கே தெரியும். கடைசியா இந்த பீரோ ஏஜென்சி எடுத்திருக்காரு. வேற ஆள் பேர்ல. ஒரு எடத்துல ஓடிக் காட்டினாத்தான் அடுத்தது நகரும். டாக்டர் ஒண்ணு வாங்கினார்னா, அவரைப் பாத்து மத்த டாக்டர் எல்லாம் வாங்குவாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? நீ பொய் சொல்லியிருப்பியா?"

சின்னவள் கீழே விழுந்த துணியொன்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"உனக்கு வராது. வந்தாலும் மூஞ்சியிலே தெரிஞ்சிடும். டாக்டர் மாட்டைப் பாத்தே நோயைக் கண்டுபிடிக்கற ஆளு, உன்னைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்? நீ நிஜமாவே நம்பினாத்தான் அவரும் நம்புவாரு. அதனால..." அக்கா நிறுத்தினாள். "உனக்கு இதுல என்னடி நஷ்டம்? யார் வந்து உன்னைக் கேக்கப் போறாங்க? மெஷின் குறைச்சலாக் குடுக்குதுன்னா வெயில்னு சொல்லிக்கலாம்."

"நான் உனக்குக் களிம்பு போட்டேன்க்கா."

அக்கா துணிமேல் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்த சின்னவளுக்கு இன்னொன்று நினைவில் இடறியது. அக்கா போகச் சொன்னாள், சரி. தட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தது யார்?

அப்பா முற்றத்தில் ஒரு வால்வைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். அவள் அருகில் போய் நின்றாள்.

"அப்பா, பீரோ சொன்னதுல பாதிதான் தருது."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. வால்விலிருந்து கண்ணை எடுக்காமல், "டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

அவள் அங்கேயே நின்றாள். வெள்ளைத் தொட்டி எப்போதும்போல் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

"காத்து எப்படித் தண்ணியாகுதுன்னு கேட்டீங்களே," என்றாள். "அது... தெரிஞ்சுக்கத்தானே கேட்டீங்க?"

அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். எடுத்தார். "நல்லாத்தாம்மா சொன்னே," என்றார். கொஞ்சம் கழித்து, "மாப்பிள்ளைக்கு ஒரு வழி பண்ணணும்ல. பெரியவ கண்ணீரை நான் எத்தனை நாள் பாக்கறது? நமக்கு என்ன, பாதி இது குடுக்கும், பாதி டேங்கர் குடுக்கும். ஓட்டிக்கலாம்."

"டாக்டருக்கு டேங்கர் வராதுப்பா."

"அவரு ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிட்டுப் போறாரு," என்று சொல்லி அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

சின்னவள் உள்ளே போனாள். போன் கூடத்தில் இருந்தது. அவளாக யாரையும் கூப்பிட்டதில்லை. எண்ணை அழுத்திவிட்டு, எதிர்முனை எடுப்பதற்குள் வைத்துவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் டாக்டர் கத்தினார், "யாரு?"

"நான்தான். சின்னவ."

"அட! போன்ல எல்லாம் பேசுவியா நீ? சொல்லும்மா."

"நீங்க வர்றப்ப... காலையிலேயே வந்துடுங்க டாக்டர். கேனை எடை போடறப்ப நீங்க இருக்கணும். அப்புறம் சாயங்காலமும் வரணும்."

எதிர்முனையில் ஒரு மாடு கத்தியது. "வர்றேன்," என்றார் டாக்டர்.

சொன்னபடி காலையில் வந்தார். அப்பாவும் அத்தானும் அக்காவும் கொட்டகையில் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். காலிக் கேனைத் தராசில் வைத்து எடையை டாக்டரே படித்தார். புகை அதைப் பீரோவில் மாட்டினார். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினாள் சின்னவள்.

"இதையெல்லாம்தான் ஏற்கெனவே பண்ணியாச்சே, எதுக்கு டாக்டரை அலைய வைக்கறே?" என்றார் அத்தான்.

"அலையறதுதானே என் பொழைப்பு," என்றார் டாக்டர். சின்னவள் பக்கம் திரும்பி, "நான் சுத்திட்டுச் சாயங்காலம் வர்றேன். நீ பக்கத்துல இருப்பேல்ல?"

"இருப்பேன்."

ஸ்டூலை இழுத்துப் பீரோவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏறத் தகரம் முறுமுறுத்தது. பீரோ சத்தமில்லாமல் நின்றது. அதன் வயிற்றில் கம்ப்ரஸர் திணறுவது உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. முன்பே வைத்துப் பார்த்திருக்கலாம்.

மதியம் அப்பா கதவருகே வந்தார். "ஒரு வாய் சாப்பிட்டு வாம்மா. தட்டு போட்டிருக்கு."

"பசிக்கல."

அப்பா போய்விட்டார். அக்கா தட்டோடு வந்தாள், இன்னொரு தட்டால் மூடி. ஸ்டூல் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, தானும் தரையிலேயே உட்கார்ந்தாள். வேர்வையில் அவள் முகம் பளபளத்தது. சின்ன வயதில் ஜுரம் வந்தால் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"போய்க் கை கழுவிட்டு வா," என்றாள் அக்கா.

சின்னவள் அசையவில்லை.

"கை கழுவற நேரம்தான்டி. நீ எந்திரிச்சிட்டா நாங்க பொழைச்சுக்குவோம். நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். எதையும் பாக்கவும் வேணாம்." அக்காவின் கை இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்திருந்தது. "இனிமே அவரு எங்க போவாரு? நான் எங்க போவேன்? உன்னை இதுவரைக்கும் நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அது உண்மை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பதிலாக அக்காதான் பேசுவாள். கடைக்காரரிடம், பஸ்ஸில், உறவுக்காரர் கூட்டத்தில் 'இவளுக்கு இது வேணுமாம்' என்று அக்கா சொல்லித்தான் அவளுக்கு எதுவும் கிடைத்திருக்கிறது. சின்னவளின் கால் ஒருமுறை தரையை அழுத்தியது. எழுந்துவிடப் போகிறோம் என்று அவளே நினைத்தாள். அப்போது போன கோடையில் காலிக் கேனைத் திறந்து காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போன டாக்டரின் முதுகு நினைவுக்கு வந்தது. கூடவே, தம்ளரையும் கிண்ணத்தையும் நகர்த்தி நகர்த்திப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தியும்.

உட்கார்ந்தே இருந்தாள்.

அக்கா ரொம்ப நேரம் கழித்து எழுந்தாள். "நீ ஊமை இல்லடி," என்றாள். "கல்லு."

சாயங்காலம் டாக்டர் வந்தார். புகை குழாயைக் கழற்றிக் கேனைத் தூக்கினார். தூக்கிய வாக்கிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தராசில் வைத்தார். டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"பாதிதானே இருக்கு?"

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி டாக்டர்," என்றார் அத்தான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கற நாளுக்குத்தானேய்யா எனக்கு இது வேணும்?" டாக்டர் சின்னவளிடம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "ஏம்மா, அன்னைக்கு மட்டும் எப்படி முழுசா வந்துச்சு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார். அவள் வாய்மொழித் தேர்வில் நின்ற மாதிரியே நின்றாள். இந்த முறையும் அக்கா தனக்குப் பதிலாகப் பேசிவிடுவாளோ என்று ஒரு கணம் காத்திருந்தாள். அக்கா பேசவில்லை.

"அன்னைக்கு நான் சாப்பிடப் போயிருந்தேன் டாக்டர்," என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். ஸ்டூல் பக்கத்தில் மூடியபடி இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவை. எப்போதும் ஊரைக் கூட்டுகிறவர், போன கோடையில் போனது போலவே, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை கொட்டகையில் யாரும் நகரவில்லை. அத்தான்தான் முதலில் வெளியேறினார், அப்புறம் அப்பா. புகை கேனின் மூடியை வைத்து ஓரமாக நகர்த்தினார்.

அக்கா குனிந்து தட்டை எடுத்தாள். "ஆறிப்போச்சு," என்றாள், யாரிடம் என்றில்லாமல். எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவளுக்கு அப்போதுதான் பசித்தது. அக்காவைக் கூப்பிட வாய் வரவில்லை.